'ஆர்' போட்டது யார்?

அருங்காட்சியக இயக்குநர் விடிந்ததும் வீட்டு வாசலில் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்ற கோலத்தைப் பார்த்து, கிரீடமே களவு போய்விட்டது என்று கொழுந்தன் முடிவுகட்டினான். அண்ணி துப்புத் துலக்கப் போகும் இடமெல்லாம் கேமராவோடு ஒட்டிக்கொள்வது அவன் வழக்கம். போன இடத்தில் குழம்புவதும் அவன் வழக்கம்தான்.

"எது காணோம் சார்?"

"எதுவும் காணாமப் போகலப்பா. மரியாதை கூடிப்போச்சு!"

விஷயம் இதுதான். மலைப்பாதையில் அரசாங்க வண்டிகளை மறித்த 'கரடி' என்ற ஆசாமியின் கோட்டு, அங்கே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. ஆட்சி மாறும்போதெல்லாம் பெட்டிக்கு முன்னாலுள்ள அட்டையும் மாறும். முதலில் 'கொள்ளைக்காரன்', பிறகு 'விடுதலை வீரர்', இப்போது 'கலகக்காரன்'. நேற்றுவரை, 'கலகக்காரன் கரடி வண்டிகளைக் கொள்ளையடித்தான்; பிடிபட்டான்' என்றிருந்தது. இன்று காலை பார்த்தால், 'கலகக்காரர் கரடி வண்டிகளைக் கொள்ளையடித்தார்; பிடிபட்டார்'. மாலையில் அமைச்சர் வருகிறார்.

"அந்த வழிகாட்டிதான் செஞ்சிருப்பான். எதிர்க்கட்சிக்காரன். சாயங்காலத்துக்குள்ள அவன் சீட்டைக் கிழிக்கணும். நீங்க ஆதாரம் மட்டும் குடுங்கம்மா."

அவர்கள் அருங்காட்சியகத்துக்குப் போனபோது, வழிகாட்டி கோட்டுப் பெட்டியருகே முகம் வெளிறி நின்றிருந்தார். "கரடி மீசையை முறுக்கினா மலையே நடுங்கும்னு தினமும் சத்தமா சொல்றவன்மா நான். அவரு மாவீரன்! ஆனா திருட்டுத்தனமா அட்டையை மாத்தல. ரெண்டு பிள்ளைங்க படிக்குதுங்க, இந்த வேலை போனா நடுத்தெருதான்."

"கரடி விடாதே!" என்று இயக்குநர் சீறினார். கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்தது. வழிகாட்டியின் கண்களைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது.

பெட்டியைத் திறந்து, பழந்துணிகளைச் செப்பனிடும் அம்மா கோட்டை நீவிக்கொண்டிருந்தார்.

"பழைய போட்டோல நெஞ்சுல சுருக்கமா இருக்கும். இப்ப கச்சிதமா உக்காந்திருக்கே?" என்று கொழுந்தன் கேட்டு வைத்தான்.

"கோட்டை மாட்டியிருந்த பொம்மையை மாத்திட்டேன் தம்பி. இதைப் போட்டிருந்த ஆளுக்குத் தோள் குறுகல்." சொல்லிவிட்டு அந்த அம்மா மறுபடி கோட்டின் பக்கம் குனிந்துகொண்டார்.

அண்ணி அட்டையை இன்னொரு தடவை படித்துவிட்டு எல்லாரையும் அருகே அழைத்தார்.

"கட்சிக்காரர் மாத்தியிருந்தா 'விடுதலை வீரர்'னு போட்டிருப்பார். இங்க கலகம், கொள்ளை, வசவெல்லாம் அப்படியே இருக்கு. வார்த்தையோட வால் மட்டுந்தான் மாறியிருக்கு. இது மரியாதைக்காகப் போட்டதில்ல."

"பின்னே எதுக்கு அண்ணி?"

"'பிடிபட்டான்'னா ஆம்பளை. 'பிடிபட்டார்'னா?"

"பெரிய மனுஷன்."

"பெரிய மனுஷியும்தான். 'டாக்டர் வந்தார்'னு பேப்பர்ல படிச்சா, ஆம்பளையா பொம்பளையான்னு உனக்குத் தெரியுமா?"

கொழுந்தனுக்குத் தலை சுற்றியது.

"இயக்குநர் போட்ட அட்டை 'கலகக்காரன்'ங்குது. வழிகாட்டி 'அவரு'ங்கிறார். இந்தம்மா மட்டும் 'ஆளு'ங்கிறாங்க. ஏம்மா?"

அந்த அம்மா உடைந்துவிட்டார். "தையலைப் பிரிச்சுப் பார்த்தேன். மார்புக்கு இடம் விட்டுத் தச்சிருக்கு. பொம்பளை கோட்டுன்னு தோணுது. ஆனா இரவல் வாங்கிப் போட்டிருந்தா? 'பிடிபட்டாள்'னு எழுத ஆதாரம் பத்தல. 'பிடிபட்டான்'னு இருக்கிறதைத் தினமும் பார்க்கவும் மனசு ஒப்பல. இவரு தலை உருளும்னு சத்தியமா நினைக்கலை. காலையில சொல்லியிருக்கணும், பயந்துட்டேன்."

வழிகாட்டிக்குக் கோபப்படவும் தெரியவில்லை. "அப்ப நான் தினமும் முறுக்கின மீசை?" என்றார் பரிதாபமாக.

மாலையில் அட்டை இருந்த இடம் காலியாக இருந்தது. அமைச்சர் கோட்டின் முன் நின்றார்.

"இது யாரோட கோட்டு?"

இயக்குநர் முன்னால் வந்தார்.

"அவங்களைப் பத்தி இன்னும் ஆராய்ச்சி நடக்குதுங்க. எங்க வழிகாட்டி விளக்குவார்."

கொழுந்தன் அண்ணியின் காதருகே குனிந்தான். "அண்ணி, காலையில 'அவன்'னாரு, இப்ப 'விளக்குவார்'ங்கிறாரே, இந்த 'ஆர்' எந்த 'ஆர்'?"

"இது மரியாதைதான்," என்றார் அண்ணி.