நைஸுக்கு நானூறு சீட்டுகள்

ஆங்கிலேயருக்கு மொழியைக் கொடுத்தது கடவுளாகவே இருக்கட்டும். ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் இன்னதுதான் பொருள் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பிரிஸ்டல் நகரத்து அகராதி மாளிகை ஒன்றுக்கே உண்டு. அந்தத் தீர்ப்புக்கு முன்னால் மகாராணியும் தலைவணங்கத்தான் வேண்டும். மாளிகை என்பது செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். மழை பெய்தால் ‘கே’ எழுத்துப் பீரோவின் மேல் ஒழுகும்.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல மழை…

டான்டனிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கிய மெரியல் ஹாஸ்கின், மழைக்கோட்டுக்குள் ஒரு அட்டைப் பெட்டியை அணைத்துக்கொண்டு அந்த மாளிகையின் படிகளில் ஏறினாள். இன்று இரண்டில் ஒன்று பார்க்காமல் திரும்புவதில்லை என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தாள்.

அவள் கம்பளி நூல் கடை வைத்திருப்பவள். ஆறு வருடமாக அகராதிக்குச் சம்பளமில்லாத வாசகியும்கூட. இப்படிப்பட்ட வாசகர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். அச்சில் ஒரு சொல் எங்கே வந்தாலும் அந்த வாக்கியத்தைச் சீட்டில் எழுதி, தேதியும் இடமும் குறித்து அனுப்புவது அவர்கள் வேலை. மற்றவர்கள் காவியம் படித்தார்கள். மெரியல் கைக்குக் கிடைத்ததைப் படித்தாள்: ஸ்வெட்டர் பின்னும் குறிப்பு, விதைப் பொட்டலம், ஜாம் பாட்டில். ‘நைஸ்’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் நானூறு சீட்டு அனுப்பியிருந்தாள். நானூறும் திரும்பி வந்தன. ஒவ்வொரு கட்டோடும் அகராதி ஆசிரியர் பச்சை மசியில் எழுதிய ஒரு வரி: ‘ஏற்பதற்கில்லை. எல். பென்ஃபோல்ட், எம்.ஏ.’

போன வாரம் வந்த கடிதம்தான் அவளைக் கிளப்பிவிட்டது. புதிய தொகுதியில் அந்தச் சொல்லுக்கு ஒரு முத்திரை விழப் போகிறதாம்: ‘நலிந்த சொல். நல்லோர் தவிர்ப்பர்.’ வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அந்தச் சொல்லுக்கான தாள் அச்சகம் போய்விடும்.

அவள் கடைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் நாளுக்கு நாற்பது தரம் சொல்கிற சொல் அது. நல்லோர் தவிர்ப்பர் என்றால்… இவர்கள் எல்லாம் யார்?

இந்தக் கோபத்தோடு படி வளைவில் திரும்பியவள், மேலிருந்து இறங்கி வந்த ஒருவர் மேல் நேராக மோதினாள். பெட்டி பறந்தது. நானூறு சீட்டுகளும் படியெல்லாம் சிதறின.

“ஏங்க, பார்த்து வரக் கூடாதா?”

“பார்த்துதான் வந்தேன். கண்ணாடி முழுக்க ஆவி.”

“அப்போ ஆவியைப் பார்த்துட்டு வந்திருக்கீங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாம்பல் நிறக் கண்கள்… மழை விட்ட பிறகு தெரிகிற வானம் போல. மெரியல் சட்டென்று சீட்டுகளைப் பொறுக்கக் குனிந்தாள். அவரும் பக்கத்தில் மண்டியிட்டார். சொல்லாமலே தேதி வாரியாக அடுக்கத் தொடங்கினார். அந்த வீட்டில் எந்தச் சீட்டையும் வேறு விதமாக அடுக்க யாருக்கும் கை வராது. அவர் மேல் படியிலிருந்து, இவள் கீழ்ப் படியிலிருந்து. 1911-ஆம் வருடத்துச் சீட்டில் இருவர் விரல்களும் பட்டுக்கொண்டன. 1912 வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று…

அப்புறம்தான் அவர் கையிலிருந்த சீட்டைப் படித்தார். முகத்தில் ஒரு சிரிப்பு.

“ஊறுகாய் பாட்டில்ல இருந்து மேற்கோள். இது அந்த டான்டன் கிழவர் வேலைதான். ரிட்டையர்டு ராணுவக்காரர்னு நினைக்கிறேன். ஆறு வருஷமா என் உயிரை எடுக்கறார். நீங்க அவருக்குச் சொந்தமா?”

மெரியல் அவர் விரல் நுனியைப் பார்த்தாள். பச்சைக் கறை.

“அந்தக் கிழவர் நான்தான், மிஸ்டர் பென்ஃபோல்ட்.”

உறையின் மேல் இருக்கும் ‘எம். ஹாஸ்கின்’ ஒரு பெண்ணாக இருக்கலாம் என்பது, சொற்களின் ஏழு நூற்றாண்டு வரலாற்றை அறிந்த அந்த மனிதருக்குத் தோன்றியதே இல்லை.

அறைக்குப் போனதும் அவர் மறுபடி எம்.ஏ. ஆகிவிட்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ‘நைஸ்’ஸின் சரித்திரத்தை விரித்தார். முதலில் மூடனைக் குறித்ததாம். பிறகு எதற்கும் முகம் சுளிப்பவனை. பிறகு நூலிழை அளவு நுட்பத்தை. இன்றோ வானிலை, பிஸ்கட், அத்தை எல்லாமே நைஸ். இனிய, இதமான, கனிவான, சுவையான, பண்புள்ள என்று இத்தனை சொற்கள் வரிசையில் காத்திருக்கும்போது, சோம்பேறிதான் அதை எடுப்பான் என்று முடித்தார்.

“எங்க கடையில டீ குடிச்சிட்டு ‘இதமான பானம்’னு யாராவது சொன்னா, உடம்பு சரியில்லையான்னு கேப்போம்” என்றாள் மெரியல்.

அவர் உதடு துடித்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. விதி இருக்கிறதாம். கற்றறிந்த ஒருவர் அச்சில் கூச்சமில்லாமல் அந்தச் சொல்லை ஆண்டதற்கு ஒரே ஒரு சான்று இருந்தால் முத்திரையை எடுத்துவிடலாம். நானூற்றில் அப்படி ஒன்றும் இல்லை.

மெரியல் கைப்பையைத் திறந்தாள். நானூற்று ஒன்றாவது சீட்டு. பிரிஸ்டலில் இருக்கிற சித்தி அனுப்பிய தேவாலயச் செய்தித்தாளின் 1964 ஜூன் மாத இதழில் அகப்பட்டது.

“காணவில்லை” என்று வாசித்தாள். “பழுப்பு நாய். பெயர் டட்லி. ரொம்ப நைஸான நாய். கண்டவர்கள் தெரிவிக்கவும். எல். பென்ஃபோல்ட், எம்.ஏ.”

எம்.ஏ.யை அழுத்தித்தான் வாசித்தாள். இந்தக் கணத்துக்காகவே புறப்பட்டு வந்தவள்… ஆனால் நிமிர்ந்தபோது அவர் முகம் தோற்றவரின் முகமாக இல்லை. ஜன்னலில் வழிகிற மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டட்லி கிடைக்கவே இல்லை” என்றார்.

வென்றவள் சீட்டை மெல்ல மேஜை மேல் வைத்தாள்.

சொந்த எழுத்தை ஆசிரியர் மேற்கோளாக எடுக்கக் கூடாது என்று அவர் கடைசியாக ஒருமுறை முனகிப் பார்த்தார். எடுத்தது ஆசிரியர் இல்லை, வாசகி என்று அவள் மெல்ல நினைவூட்டினாள்.

“இனிய நாய்னு எழுதிப் பார்த்தேன். கனிவான நாய்னும் எழுதிப் பார்த்தேன். எதுவும் அவனா இல்ல” என்றார் அவர்.

பேனாவை எடுத்தார். ‘நலிந்த சொல். நல்லோர் தவிர்ப்பர்’ மேல் நிதானமாக ஒரு பச்சைக் கோடு இழுத்தார். மணி மூன்றரை. அச்சகம் இரண்டு தெரு தள்ளி, ரயிலடிக்குப் போகிற வழியில்தான். தாளைத் தானே கொடுத்துவிட்டு அவளை ரயிலேற்றிவிடுவதாகச் சொன்னார். தாளை மடித்துக் கோட்டின் உள்பைக்குள் வைத்தார்.

குடை ஒன்றுதான் இருந்தது. முதல் தெருவில் அவர் வலது தோளும் அவள் இடது தோளும் நனைந்தன. இரண்டாம் தெரு முனையில் மழை வலுத்தது. மூடிக் கிடந்த ஒரு பழக்கடையின் கூரைத்துணிக்கு அடியில் ஒதுங்கினார்கள்.

“மிஸ் ஹாஸ்கின்… டான்டன் உறை செவ்வாய்க்கிழமைதான் வரும். மேஜைல மத்தது மலையா இருந்தாலும் முதல்ல அதைத்தான் பிரிப்பேன். தள்ளிவிடறதுக்குத்தான் அவ்வளவு அவசரம்னு ஆறு வருஷமா நினைச்சிட்டிருந்தேன்.”

அவள் குடையின் நுனியில் கோத்து நிற்கிற துளிகளைப் பார்த்தாள். ஏற்பதற்கில்லை என்று இவர் இன்னொரு தரம் எழுதினால்? எழுதட்டும். பயந்து திரும்பவா அவ்வளவு தூரம் வந்தாள்?

“கடைசி நூறு சீட்டு அகராதிக்காக அனுப்பல” என்றாள். “ஏத்துக்க மாட்டீங்கன்னு நல்லாவே தெரியும். பச்சை மசியில ஒரு வரி வரும்ல… அதுக்காக.”

அவர் குடையைப் பிடிக்க மறந்தார். அது பழக்கடைக் கதவோடு சாய்ந்து நின்றது. கூரைத்துணி ஒழுகியதில் இருவரும் முழுக்க நனைந்தார்கள். நாலரை ரயில் போயிற்று… ஐந்தேகால் ரயிலும் போயிற்று… அச்சகத்து விளக்குகள் எப்போதோ அணைந்திருந்தன.

அடுத்த வசந்தத்தில் தொகுதி வெளிவந்தது. ஆயிரத்து நூற்றிருபது பக்கம், தோல் அட்டை, பொன் எழுத்து. அதில் ‘நைஸ்’ என்ற சொல் இல்லை.