ஜெஸீமா நட்ட முருகைக்கல்

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம் முத்தலிபிடம் தோணி இல்லை. காற்று அதைத் தூக்கித் தென்னந்தோப்புக்குள் எறிந்து உடைத்துவிட்டது. அதே சூறாவளியில் வீட்டுச் சுவர் விழுந்து அவருடைய மனைவியும் மௌத்தாகிவிட்டார். சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஓலைக் குடிசை ஒன்றில் அவரும் பத்து வயது மகள் ஜெஸீமாவும் மட்டும் இருந்தார்கள்.

கடல் அடங்கியதும் முத்தலிப் கல் உடைக்கப் போனார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, முருகைக்கல் என்னும் பவளப்பாறையை அலவாங்குக் கம்பியால் பெயர்த்து, சுண்ணாம்புச் சூளைக்குக் கொடுப்பார். வீட்டுக்கு வந்தால் அதிகம் கதைக்க மாட்டார். சோற்றைத் தின்றுவிட்டுப் பாயில் சாய்ந்துவிடுவார்.

ஒருநாள் அவருடைய சாக்கில் மான்கொம்பு போலக் கிளைவிட்ட மண்ணிறக் கல் ஒன்று இருந்தது. ஜெஸீமா அதை எடுத்து ஒரு வாளி கடல் தண்ணீரில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் கல்லெங்கும் மயிர் போன்ற சின்னஞ்சிறு விரல்கள் வெளியே எட்டிப் பார்த்தன. அவள் தொட்டதும் எல்லாம் உள்ளே ஓடி ஒளிந்தன.

வாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார்.

"கல்லுக்கும் உசிரா?" என்றார்.

காலையில் வாளி நாறியது. கல் வெளுத்துச் செத்துப்போயிருந்தது. ஜெஸீமா நெடுநேரம் அழுதாள். கல்லுக்காக மட்டும் அவள் அழவில்லை என்பது முத்தலிபுக்குத் தெரியும்.

அதன் பிறகு, பள்ளி விட்டதும் அவள் கடலுக்குப் போவாள். உடைந்து கிடக்கும் உயிருள்ள துண்டுகளைத் தேடி எடுப்பாள். முதலில் அவற்றை மணலில் நட்டாள். அலை புரட்டியதில் எல்லாம் செத்தன. உயிரோடு இருப்பவை பாறையை இறுக்கிப் பிடித்திருப்பதை அவள் கவனித்தாள். பிறகு பழைய வலைக்கயிற்றால் துண்டுகளை ஒரு பாறையில் கட்டினாள். அப்போதும் பல செத்தன. சில மட்டும் மெல்லப் பாறையைப் பற்றிக்கொண்டன.

வாப்பாவிடம் அவள் சொல்லவில்லை. கல் உடைத்தால்தான் வீட்டில் சோறு என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் அவள் வந்தபோது அந்தப் பாறையைக் காணவில்லை. கரையில் உடைத்துக் குவித்த கற்களுக்கு நடுவே வாப்பா அதன் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதில் கயிறு சுற்றியிருந்தது.

"இதெ ஆரு கட்டின, மகள்?"

"நான்தான் வாப்பா."

முத்தலிப் மணலில் உட்கார்ந்துவிட்டார். ஜெஸீமா கல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னம் ஈரம் காயல்ல வாப்பா. இப்பவே கொண்டு போனா பொழைக்கும்."

அவர் எழுந்து பெரிய துண்டைத் தோளில் தூக்கினார். சிறியவற்றை அவள் வாளித் தண்ணீரில் போட்டு எடுத்துக்கொண்டாள். சற்றுத் தள்ளி, அலை புரட்டாத ஒரு பாறை இடுக்கில் அவற்றை இறுக்கிச் செருகினார்கள். வேலை முடிந்தும் முத்தலிப் தண்ணீரிலேயே நின்றார்.

"உண்ட உம்மாவ அண்டைக்கி என்னால தூக்க ஏலாமப் பெய்த்து, மகள்" என்றார்.

சூறாவளிக்குப் பிறகு அவர் உம்மாவைப் பற்றிக் கதைத்தது அதுதான் முதல் தடவை. ஜெஸீமா அவருடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செருகியவற்றில் ஒன்றுதான் பிழைத்தது. முத்தலிப் கல் உடைப்பதை விடவில்லை. அவருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் மட்டும் அவர் அலவாங்கைக் கொண்டுபோகவில்லை.

அடுத்த மாரி போய்க் கடல் தெளிந்ததும், கூட வேலை செய்யும் நூஹு அந்தப் பாறையை நோக்கிப் போனார்.

"அதுல கை வெக்காத மச்சான். அது எண்ட மகள்ட" என்றார் முத்தலிப்.

"கடலையுமா மகளுக்கு எழுதிக் குடுத்திட்டாய்?"

"ஓம்."

நூஹு சிரித்துக்கொண்டே வேறு பக்கம் போனார்.

சுற்றிலும் கல் பெயர்த்த குழிகள் வெறுமையாகக் கிடந்தன. ஜெஸீமா மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் தலையை விட்டாள். கையளவு வளர்ந்திருந்த அந்த ஒற்றை முருகைக்கல்லின் கிளைகளுக்குள், நகத்தளவு நீல மீன்கள் இரண்டு குடியிருந்தன.