வெளியேறாத பயனர்

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் ஆம்பூரின் அந்த ஷூ கம்பெனி அலுவலகம் பாதி காலியாகிவிடும். அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் கார்முகிலனுக்குப் பிடித்த நேரம். பிரிண்டர் ஓடவில்லை என்று எந்த முட்டாளும் போன் செய்ய மாட்டான். அப்போதுதான் தன் ஸ்கிரிப்டை ஓடவிடுவான். பேக்கப் எடுப்பது, குப்பையைத் துடைப்பது, வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை அழிப்பது எல்லாவற்றையும் அவன் எழுதிய கட்டளைகள் டீ ஆறுவதற்குள் முடித்துவிடும். இங்கிருக்கும் மனிதர்களைவிட அவை எவ்வளவோ மேல் என்று நினைத்தான்.

இன்று ஒரு பெயரில் ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது.

‘சம்பந்தம்: அழிக்க முடியவில்லை. பயனர் உள்ளே இருக்கிறார்.’

சம்பந்தம், பதப்படுத்தாத பச்சைத்தோல் வைக்கும் குடோனில் கணக்கு எழுதியவர். போன மாதம் அங்கேயே தோல் அடுக்குகளுக்கு நடுவில் விழுந்து செத்துப்போனார். கார்முகிலன் சாவுக்குப் போகவில்லை. பாஸ்வேர்டை மறந்துவிட்டு மாதம் நாலு தடவை கூப்பிடும் ஒரு தொல்லை ஒழிந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கை வெளியே தள்ளினான். உடனே மறுபடி உள்ளே வந்தது. தள்ளினான். வந்தது.

ஹெச்.ஆர். லுப்னாவைக் கூப்பிட்டான். "குடோன்ல யாரு சம்பந்தம் பேர்ல உட்காந்திருக்கா?"

"அங்க யாரு சார்? அவர் போனதுல இருந்து அந்த குடோன் பூட்டித்தான் கெடக்குது. சாவி என்கிட்டதான் இருக்கு."

"குடுங்க. எவன்னு பார்த்துட்டு வர்றேன். செத்தவன் பாஸ்வேர்டைத் திருடுற அளவுக்கு இங்க எவனுக்கு மூளை இருக்கு?"

லுப்னா சாவியை அவன் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. பூட்டைத் திறந்ததும் உப்பும் நிணமும் கலந்த வாடை தொண்டைக்குள் இறங்கியது. ரோமம் போகாத மாட்டுத்தோல்கள் தலைக்கு மேல் அடுக்கடுக்காய் ஈரம் சொட்டிக்கொண்டிருக்க, அவற்றின் இடுக்கில் ஒரு மானிட்டரின் நீல வெளிச்சம் மட்டும் சுவரில் நடுங்கியது. நாற்காலி காலி. விசைப்பலகை முழுக்க உப்பு.

ஒரு விசை தானாக அமுங்கியது. டக். வெகுநேரம் கழித்து இன்னொன்று. டக். ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பது போல.

‘பாஸ்வேர்டு தவறு.’

கேப்ஸ் லாக் போட்டிருக்கிறான், முட்டாள் என்று தோன்றியது கார்முகிலனுக்கு. தோன்றிய பிறகுதான் முதுகு சில்லிட்டது.

குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். திரை அணைந்தது.

டக்.

சத்தம் விசைப்பலகையிலிருந்து வரவில்லை. பக்கத்துத் தோல் அடுக்கிலிருந்து.

போன் வெளிச்சத்தைத் திருப்பினான். அவன் முகத்துக்கு நேராக ஒரு தோல் தொங்கியது. அதன் நடுவே விரல் நுனி அளவுக்கு ஒரு மேடு. உள்ளேயிருந்து யாரோ அழுத்துகிறார்கள். டக்.

"யாருடா?" என்று வெளிச்சத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

மேடு ஐந்தாயிற்று. ஒரு உள்ளங்கை. அதற்கு மேலே ரோமம் மெல்லப் புடைத்தது. நெற்றி. மூக்கு. கண்குழிகள். சம்பந்தத்தின் முகம்.

ஓட நினைத்தான்.

ஈரத்தோலில் வாய் திறந்தது. அகலமாக. இன்னும் அகலமாக. அதற்குப் பின்னால், குடோன் முழுக்க, ஒவ்வொரு அடுக்கிலும் முகங்கள் புடைத்துக்கொண்டிருந்தன.