பத்தாம் புள்ளி கிழிந்த அட்டை

“கல்யாணக் கார்டு பேப்பரா? குறி அட்டைய இதுலயா ஓய் அடிச்சீரு?”

ரெஜிலா போட்ட சத்தத்தில் ரைபிள் கிளப்பே திரும்பிப் பார்த்தது. தகரக் கூரையில் தக்கலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கையில் அட்டைக் கட்டோடு நின்றவன் அனிஷ். இரணியலில் அச்சகம் வைத்திருக்கிறான். பேந்தப் பேந்த விழித்தான்.

“மாவட்டப் போட்டின்னு சொன்னாவ... நல்லதாட்டு இருக்கட்டும்னு, உள்ளதுல பளபளன்னு இருக்கத எடுத்து அடிச்சேன்...”

“பளபளப்பு யாருக்கு வேணும்? குண்டு பட்டா வட்டமா ஓட்டை விழணும். இது தாறுமாறா கிழியுது. எனக்க பத்து ஒம்பதாப் போச்சு!”

அவள் கோபத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. நாற்பது குண்டு சுட்டு முந்நூற்று எழுபத்திரண்டு எடுத்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அவளுக்கு வந்தது முந்நூற்று எழுபத்தொன்று! அட்டையின் நடுவில் ஒரு குட்டிப் புள்ளி. குண்டு அதைத் தொட்டால் பத்து, தொடாவிட்டால் ஒன்பது. கிழிந்துபோன அட்டையில் தொட்டதா இல்லையா என்று எந்த மகராசன் சொல்வான்? மூன்று வருடமாக இப்படியே கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போய்க்கொண்டிருந்தது அவளுக்கு.

அனிஷ் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்தான். “அச்சு சரியா விழுந்துதான்னு பாக்குறது... இதுல பாருங்க. குண்டுக்க ஈயம் பட்ட இடத்துல கறுப்பா கோடு இருக்கும். வெறும் கிழிசல்ல இருக்காது.”

அவள் வெடுக்கென்று வாங்கினாள். அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள்... அடப்பாவி, இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா இப்படி முழிக்கிறான்!

நடுவர் தங்கையன் மடிந்திருந்த கிழிசலை நிமிர்த்தி லென்ஸில் பார்த்தார். “மக்களே, கறுப்புக் கோடு புள்ளியத் தொட்டிருக்கு. இது பத்துதான்!”

முந்நூற்று எழுபத்திரண்டு! ரெஜிலாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தங்கையன் எழுதக் குனிந்தார். அவள் குஷியில் தன்னுடைய மற்ற அட்டைகளையும் லென்ஸில் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஒரு அட்டையில் லென்ஸ் அப்படியே நின்றது.

பத்து என்று போட்டிருந்தது. ஆனால் கறுப்புக் கோடு புள்ளிக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. கிழிசல்தான் புள்ளியைக் கொண்டுபோயிருக்கிறது... ஐயோ, இது ஒன்பது!

யாரும் பார்க்கவில்லை. அட்டையை மெதுவாகக் கட்டின் அடியில் தள்ளினாள்.

“சாரே,” என்றான் அனிஷ், “அடியில கெடக்க அந்தக் கார்டயும் ஒண்ணு பாருங்க.”

தலையில் இடி விழுந்தது. மறுபடியும் முந்நூற்று எழுபத்தொன்று.

துப்பாக்கிப் பையைத் தூக்கிக்கொண்டு மழையில் விறுவிறுவென்று பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். பின்னாலேயே ஓடிவந்த அனிஷ், கிளப்பில் இரவல் வாங்கிய குடையை நீட்டினான்.

“பேப்பரு தப்புன்னு சார்ட்ட எழுதிக் குடுத்துட்டேன். இனி கிளப்பு ஆர்டரு எனக்குக் கிடையாது.”

“அதுக்கு நான் என்ன செய்யணும்? என்னக் குழியில தள்ளினது போதாதா?”

“நீங்க அத அடியில தள்ளுனத நான் கண்டேன்...”

மானம் போயிற்று!

“அப்ப... கள்ளின்னு அங்கயே சொல்லியிருக்கலாமே?”

“கள்ளி இல்ல. உங்க கை கெடந்து நடுங்கிச்சு. அந்த நடுக்கத்தோட மாநிலப் போட்டில எப்பிடிச் சுடுவீங்க?”

ரெஜிலாவின் கண் நிறைந்தது. குடையை வாங்கிக்கொண்டாள்... வாங்கும்போது விரல் பட்டது.

“அடுத்த வருசம் நான் சுடுவேன். பாத்துக்கிடும்.”

“பாக்கணும்னுதான் எனக்கும்...” காது சிவக்கக் குனிந்தான். “உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு.”

இன்றைக்கு எத்தனை அதிர்ச்சியைத்தான் தாங்குவாள் அவள்? நாகர்கோவில் பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள்.

“அந்தப் பளபளப் பேப்பரு மிச்சம் கெடக்கா?”

“இருநூறு அட்டை கெடக்கு... எரிச்சிரட்டா?”

“எரிக்காண்டாம். கல்யாணக் கார்டு பேப்பருதானே ஓய்... நம்ம ரெண்டு பேருக்க பேர அடிக்க எடுத்து வச்சிரும்!”

பஸ் போய்விட்டது. அனிஷ் மறுபடியும் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றான். குடை அவளோடு போய்விட்டது என்பதே அவனுக்கு வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது.