பட்டியலில் இல்லாத வாக்கியம்

வாருங்கள் நாட்டோரே, இந்த அநியாயத்தைக் கண்ணால் காணுங்கள்! உழைத்துச் சம்பாதித்த ஒருத்தி, தன் மானத்துக்குச் சாட்சியாக அரசாங்க ரசீது ஒன்றைத் தேடி, ஆடி மழையில் நைனார்பாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பேருந்து ஏறி வந்திருக்கிறாள்!

அவள் கலையரசி. கூலிக்காரர் பிச்சைமுத்துவின் மகள். வரிக்கணக்கு எழுதும் மாடி அலுவலகத்துக்குப் படியேறியவள், இறங்கி வந்தவன்மீது மோதினாள். காகிதங்கள் சிதறின. பொறுக்கியெடுத்து நிமிர்ந்தவன், மழைத்துளி தங்கிய அந்த இமைகளைக் கண்டு ஒரு கணம் தடுமாறினான்... மறுகணம் அவன் பார்வை வங்கித்தாளில் விழுந்தது.

"மாசாமாசம் டாலர் வருது... யாருங்க அனுப்பறது?"

"அத கேக்க நீங்க யாரு?"

"பகலவன். இங்கதான் கணக்கு எழுதறேன்."

"வெளிநாட்டு கம்பெனிங்க. அவங்க பட்டியல்ல இருக்கற வாக்கியங்கள போன்ல பேசி அனுப்புவேன். மிஷினுக்குத் தமிழ் கத்துத்தராங்களாம்."

"பேசினா பணமா? உங்க பேர்ல வேற யார்னா அக்கவுண்ட நடத்திக்கினு இருக்காங்களா?"

அதே கண்... ஊரில் அவளைச் சந்தேகித்த தெருவின் அதே கண்! அவள் உள்ளம் கொதித்தது.

"வரி கட்ட வந்தவளயே திருடின்றீங்க. கட்டாதவன இன்னா சொல்வீங்க?"

திரும்பிப் போயிருப்பாள். ஆனால் அப்பாவின் சொல் காலைக் கட்டியது: 'கம்பெனிப் பணம்னு சர்க்கார் காயிதம் காட்டு. இல்லனா போன உடைச்சிடுவேன்.'

நடந்தது இதுதான். கோழி கூவினாலும் அந்தக் கம்பெனி பதிவைத் தள்ளிவிடும். ஆகவே நண்பகலில் ஒற்றை அறை வீட்டைத் தாழிட்டு, போர்வைக்குள் புகுந்து பேசுவாள். ஒருநாள் வாசலில் போன அதே தெருக் காசியம்மாள் காதைத் தீட்டினாள். உள்ளே கேட்டது, 'நீ இல்லாம சோறு எறங்கல... சீக்கிரம் வந்துடு.' பொழுது சாய்வதற்குள் கலையரசிக்கு வெளிநாட்டில் ஒரு கள்ளக்காதலன் பிறந்துவிட்டான்!

மாடிப்படியில் கலையரசி கைப்பேசியைப் பகலவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவள் குரல் ஒலித்தது.

'நீ இல்லாம சோறு எறங்கல.'

'தக்காளி கிலோ இன்னா விலை?'

'டாக்டர், முட்டி வலிக்குது.'

பகலவன் சிரித்தான். பிறகு தலை குனிந்தான்.

"மன்னிச்சிடுங்க... உங்க வருமானத்துக்கு வரியே வராதுங்க."

அவள் முகம் வாடியது. "அப்ப காயிதம் தர மாட்டாங்களா?"

"கணக்கு காட்டினாலே ரசீது உண்டு. கம்பெனி ஒப்பந்தம், பேங்கு சான்று, ரசீது... மூணும் நானே கொண்ணாந்து உங்கப்பாகிட்ட குடுக்கறேன்."

மூன்றாம் நாள் வந்தான். தெரு கேட்க உரக்கப் படித்தான். பிச்சைமுத்து ரசீதைக் கண்ணில் ஒற்றி, மகள் ஊர் திரும்பியதும் பிடுங்கி வைத்திருந்த கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டு வெடுக்கென்று உள்ளே போனார், கண்ணீரை மறைக்க. வாசலில் இருவர் மட்டும்...

"தபால்ல அனுப்பியிருக்கலாமே? எதுக்கு வந்தீங்க?" அவள் விழிகளில் இப்போது சந்தேகம்.

"நீங்க இல்லாம... சோறு எறங்கலங்க."

"அது பட்டியல்ல இருக்கற வாக்கியம். நம்ப மாட்டேன்."

"சரி, பட்டியல்ல இல்லாதது. உங்கள சந்தேகப்பட்டப்பவே, 'இது பொய்யா இருக்கக்கூடாது'ன்னு மனசு வேண்டிக்கினே இருந்துச்சு. உங்கள எனக்குப் புடிச்சிருக்கு, கலையரசி."

மழை தூறியது. அவள் அவனை மேலும் கீழும் அளந்தாள்.

"...எனக்குந்தான். ஆனா இன்னொரு தபா சந்தேகப்பட்டா, படியிலேர்ந்து தள்ளிடுவேன்."

கேட்டோரே! உங்கள் தெருவிலும் கதவைத் தாழிட்டு உழைக்கும் ஒருத்தி இருப்பாள். அந்தக் கதவிலிருந்து காதை எடுங்கள். வாசலில் கூவும் கோழியைப் பிடித்துக் கூடையைக் கவிழ்த்து மூடுங்கள். அவள் பேசி முடிக்கட்டும்!