மதியத்துக்கு மேல் விழிக்காத திரை

"கம்ப்யூட்டரை நான் கெடுக்கலைன்னு நீங்க சொல்லணும் சார்," என்றாள் அந்தப் பெண், கடைக்குள் கால் வைத்ததுமே.

கொட்டாவி தலை நிமிர்ந்தான். பதினோரு வருடம் சர்வர் அறையில் இரவு வேலை பார்த்துவிட்டு, ஒருநாள் பாதியில் எழுந்து வந்தவனுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் அது. இப்போது பகலில் கணினி பழுதுபார்க்கிறான். அலுப்பு மட்டும் உடம்பை விட்டு இறங்கவில்லை.

அவள் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் வரைபவள். சாப்பிடப் போகும்போது கணினியை உறங்க வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே விதி. திரும்பி வந்து பொத்தானைத் தொட்டால் வேலை விட்ட இடத்தில் நிற்க வேண்டும். மூன்று வாரமாகத் திரை கறுப்பாகவே கிடக்கிறது. வேறு வழியில்லாமல் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்ததில், நேற்று ஒரு மருத்துவமனையின் வரைபடமே கெட்டுப்போனது.

"சாயங்காலத்துக்குள்ள ராஜினாமா எழுதித் தரச் சொல்றார் மேனேஜர். 'என் கவனக்குறைவால்'னு அதுல இருக்கணுமாம். அந்த வார்த்தையோட வெளிய போனா எனக்கு எவன் சார் வேலை குடுப்பான்?"

"வைரஸ்தான் மாமா!" என்று துள்ளினான், உதவிக்கு இருந்த மச்சினன். முப்பது வயதாகியும் அடங்காத ஆர்வம்.

"செருப்பு அறுந்தாலும் உனக்கு வைரஸ்தான் மாப்ள. பையை எடு."

அவளுடைய அலுவலகத்தில் முதலாளியும் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சேர்த்து மேனேஜர் பேசினார். "நான் அந்த மெஷின் பக்கமே போறதில்ல. எல்லாம் இந்தம்மா பண்ற வேலை. பன்னெண்டாம் தேதி திரை ரெண்டு தடவை தானா இருண்டு இருண்டு வந்துச்சு. அன்னிலேர்ந்துதான் சனியன் பிடிச்சுது."

கொட்டாவி கணினியை உறங்க வைத்து எழுப்பினான். விசிறி சுற்றியது. திரை கறுப்பு.

"செத்துப்போச்சு மாமா."

கொட்டாவி விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டினான். அதன் மூலையில் சின்ன விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினான். அணைந்தது.

"செத்தவன் கண்ணடிப்பானா மாப்ள?"

அணைத்து, மறுபடி போட்டு, கணினி தானே எழுதி வைக்கும் குறிப்பேட்டைத் திறந்தான். "நேத்து மதியம் ரெண்டு மணி மூணு நிமிஷத்துக்கு முழிச்சிருக்கு. ரெண்டு மணி ஏழு நிமிஷத்துக்கு மின்சாரம் நின்னிருக்கு. நடுவுல நாலு நிமிஷம் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. முழிச்சது தெரியாம அணைச்சிருக்காங்க. யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க."

"அப்போ திரை?" என்றார் முதலாளி.

"படத்தைத் திரைக்கு அனுப்ப டிரைவர்னு ஒரு மென்பொருள் இருக்கு. உறக்கத்துலேர்ந்து வந்ததும் அதுதான் திரையை எழுப்பணும். இங்க அது எழுப்பல. பழைய டிரைவர் எழுப்பிக்கிட்டுதான் இருந்தது. பன்னெண்டாம் தேதி பதினொன்னரைக்கு யாரோ புதுசை ஏத்தியிருக்காங்க." அவளிடம் திரும்பினான். "அன்னிக்கு எங்கம்மா இருந்தீங்க?"

"லீவு சார். மாமியாருக்குக் கண் ஆபரேஷன்."

முதலாளி வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

"டிரைவர் ஏறும்போது திரை ஓரிரு நொடி இருண்டு திரும்பும்," என்றான் கொட்டாவி, ஒரு கொட்டாவியை அடக்கியபடி. "அது எதிர்ல உக்காந்திருந்தவருக்கு மட்டும்தான் தெரியும். ரெண்டு தடவைன்னு எண்ணி வேற சொன்னீங்களே சார்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"புதுசை ஏத்தவான்னு கேட்டுத் திரையில ஒரு பெட்டி வந்து வந்து நின்னுச்சு. ஆமான்னு சொன்னா தொலையும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்," என்றான் மச்சினன். அவன் துள்ளல் எங்கோ போயிருந்தது.

கொட்டாவி பழைய டிரைவரைத் திரும்ப ஏற்றினான். "ஏதாவது டைப் பண்ணுங்கம்மா. சேமிக்காதீங்க. முழிச்சதும் அப்படியே வருதான்னு பாக்கணும்."

அவள் உட்கார்ந்து நிறுத்தாமல் தட்டினாள். கணினி உறங்கியது. ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். பிறகு அவளே பொத்தானைத் தொட்டாள். திரை வெளிச்சமானது. அவள் தட்டியது ஓர் எழுத்துகூடக் குறையாமல் அப்படியே இருந்தது.

முதலாளி குனிந்து படித்தார். ராஜினாமாக் கடிதம். கவனக்குறைவு என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

"அதான் உங்க மேல தப்பில்லன்னு ஆயிடுச்சேம்மா?"

"ஆமா சார். அதனாலதான் இப்படி எழுத முடிஞ்சுது." அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "பிரிண்டர்ல தாள் இல்ல போல. கொஞ்சம் வைக்கிறீங்களா?"

மேனேஜர் எழுந்துபோய் வைத்தார்.