ஸ்கோப் மாறிய துப்பாக்கி

தேவாலய விருந்துக்காக ஆர்ட்டி அடுப்பில் மான்கறி கிண்டிக்கொண்டிருந்தபோது, டெல்லா கதவைத் தட்டாமலே உள்ளே வந்து ஒரு துப்பாக்கியைச் சமையலறை மேசைமேல் வைத்தார். மறுநாள் மான் வேட்டை தொடங்குகிறது. மொன்டானாவின் அந்தச் சிற்றூரில் அன்றைக்கு யார் துப்பாக்கியோடு வந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். டெல்லாவின் முகத்தைப் பார்த்துத்தான் ஆர்ட்டி கரண்டியைக் கீழே வைத்தார்.

“வில்டா, என் வீட்டுல திருட்டு. ஆனா திருடன் ஒண்ண எடுத்துட்டு, அதைவிட நல்லதா ஒண்ண வெச்சிட்டுப் போயிருக்கான்!”

ஆர்ட்டியின் மனைவி வில்டா வனக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தபோது, எப்படியும் கண்டுபிடித்துவிடுவார் என்று கள்ள வேட்டைக்காரர்கள் அவரிடம் பொய் சொல்லவே மெனக்கெட மாட்டார்கள். அவர் முதலில் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

“சாவகாசமாச் சொல்லு.”

“இது செத்துப்போன என் வீட்டுக்காரர் ஹென்ரிக்கோடது. மேல அவரோட பழைய ஸ்கோப் இருந்துச்சு, குறிபாக்கற தொலைநோக்கி. ஆறு மடங்கு பெருசாக் காட்டும், கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இன்னிக்கு உறையத் திறந்தா அது இல்ல. இது உக்காந்திருக்கு.” டெல்லா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “இன்னிக்கு விருந்துல துப்பாக்கியக் கடைக்கார மில்ட்டுக்கு வித்துட்டு, ஃபீனிக்ஸ்ல தங்கச்சி வீட்டுக்கே போயிடலாம்னு இருந்தேன். ஸ்கோப்ப மட்டும் அவர் நினைவா வெச்சுக்கலாம்னு நெனச்சேன்.”

“ஏன் போறே? மான் வேட்டைன்னா உனக்கு உசுராச்சே!” என்றார் வில்டா.

“போன வருஷம் அடர்ந்த காட்டுல ஒரு கலைமான், அதோ அந்தக் கொட்டகை தூரத்துல நின்னுச்சு. ஸ்கோப்புல பாத்தா வெறும் பழுப்பு மயிர்தான் தெரிஞ்சுது, தலை எது வால் எதுன்னு புரியல. அது போயே போச்சு. என் கண்ணு அவ்வளவுதான். ராய்ஸ் பக்கத்துலதான் நின்னான். கேலி பண்ணக்கூட இல்ல, பாவம்னு விட்டுட்டான்.”

ராய்ஸ், ஹென்ரிக்கின் முதல் மனைவியின் மகன். அப்பா இறந்த பிறகு டெல்லாவைப் பார்க்க வந்துகொண்டுதான் இருந்தான். வசந்தத்தில் டெல்லா துப்பாக்கியை விற்கப்போவதாகச் சொன்னதும் எழுந்து போனவன், அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை.

“அவன்தான் எடுத்திருப்பான். சாவி எங்க தொங்கும்னு அவனுக்குத் தெரியும். கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேன், வில்டா. திருடன் மாதிரி வந்துட்டுப் போயிருக்கான் பாரு, அதுதான் வலிக்குது.”

“மில்ட்தான்!” என்று ஆர்ட்டி குதித்தார். “துப்பாக்கிக் கடை வெச்சிருக்கறவன். பழசு அபூர்வமான சரக்கா இருக்கும், அமுக்கிட்டான்!”

“அமுக்கறவன் அதைவிட நல்லத வெச்சிட்டுப் போவானா? நீ கறியக் கிண்டு, அடிபிடிக்குது,” என்றார் வில்டா.

பிறகு அவர் ஸ்கோப்பைத் தடவித் தடவிப் பார்த்தார். இரண்டு மடங்கிலிருந்து ஏழு மடங்கு வரை திருகி மாற்றிக்கொள்ளும் வகை. திருகு இரண்டில் நின்றது. குழாயைத் துப்பாக்கியோடு இப்போது பிடித்திருக்கும் வளையங்களுக்குச் சற்றுப் பின்னால், கண் வைக்கும் பக்கமாக, வேறு வளையங்கள் பிடித்த பழைய தடம் மங்கலாகத் தெரிந்தது. கண் வைக்கும் விளிம்பில் கறுஞ்சிவப்பாக ஒரு சிறு கறை.

“துரு,” என்றார் ஆர்ட்டி.

“அலுமினியம் எங்கயாவது துருப்பிடிக்குமா? டெல்லா, புது ஸ்கோப் வாங்க யாரையாவது கேட்டியா?”

“மில்ட்டக் கேட்டேன். கண்ணு சரியில்லன்னா பதினாறு மடங்கு வாங்குன்னான். ஆறுலயே தெரியல, வேண்டாம்னு வந்துட்டேன்.”

வில்டா சிரித்தார். “வா, சாப்பிடப் போவோம்.”

தேவாலயக் கூடம் முழுக்க வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுத் தொப்பிகள். போதகர் ஜெபம் தொடங்கியதும் எல்லாத் தொப்பிகளும் இறங்கின. ஒன்று மட்டும் இறங்கவில்லை. நெட்டையான ராய்ஸ் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரோரம் குனிந்து நின்றான்.

“பாத்தியா, ஜெபத்துக்குக்கூடத் தொப்பி கழட்டல! குத்தமுள்ள நெஞ்சு!” என்று ஆர்ட்டி கிசுகிசுத்தார்.

சாப்பாடு முடிந்ததும் வில்டா துப்பாக்கியை ஒரு மேசைமேல் வைத்து, டெல்லா, மில்ட், ராய்ஸ் மூவரையும் அழைத்தார். மில்ட் காசோலையோடு வந்தார். ராய்ஸ் வர மனமில்லாமல் வந்தான்.

“இந்த ஸ்கோப் கடையிலேர்ந்து வரல,” என்று வில்டா தொடங்கினார். “ஏற்கனவே வேற துப்பாக்கியில இருந்தது, தடம் இருக்கு. தடம் வளையத்துக்குப் பின்னால இருக்கே, அப்போ குழாய முன்னால தள்ளி மாட்டியிருந்தாங்கன்னு அர்த்தம். கழுத்து நீண்ட ஆளு தலைய முன்னால நீட்டிக் குறிபாப்பான், அவனுக்கு அப்படித்தான் வேணும். இப்போ பின்னால இழுத்து மாட்டியிருக்கு. டெல்லா மாதிரி குட்டையானவங்களுக்கு அதுதான் சரி.”

“சரி, யாரு அந்த ஆளு?” ஆர்ட்டிக்குப் பொறுக்கவில்லை.

“எல்லாரும் பெரிய எண்ணப் பாத்துதான் ஸ்கோப் வாங்குவாங்க. மில்ட்டும் அதத்தான் விப்பான். கிட்டத்துல நிக்கிற மானுக்குச் சின்ன எண்தான் வேணும். அப்பத்தான் மான் முழுசாத் தெரியும். உன் கண்ணுல கோளாறு இல்ல, டெல்லா. அது ஸ்கோப்போட கோளாறு. அன்னிக்கு உன் பக்கத்துல நின்னவனுக்கு அது புரிஞ்சிருக்கு.”

டெல்லா மெல்லத் திரும்பி ராய்ஸைப் பார்த்தார்.

“மாட்டினா மட்டும் போதாது, குண்டு குறியில விழுதான்னு சுட்டுப் பாக்கணும். டெல்லாவோட கண்ணுக்கு வெச்ச ஸ்கோப்புல நெட்டையன் சுட்டா, துப்பாக்கி பின்னால உதைக்கும்போது விளிம்பு புருவத்தக் கிழிக்கும். அது அவனுக்கும் தெரியும். தன் கண்ணுக்குத் தோதா நகத்தியிருந்தா காயமே இல்ல. அவன் நகத்தல. ராய்ஸ், தொப்பியக் கழட்டுப்பா.”

அவன் கழற்றினான். வலப்புருவத்துக்கு மேல் பிறை வடிவில் ஒரு வெட்டு, இன்னும் காயவில்லை.

டெல்லா எழுந்தார். கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, எட்டி, அந்தக் காயத்தைத் துடைத்தார்.

“அப்பாவோடது என் துப்பாக்கியில இருக்கு,” என்றான் ராய்ஸ். “நான் மேட்டு வெட்டவெளியில தூரத்து மானச் சுடறவன், எனக்கு ஆறு போதும். கேட்டா நீ வேண்டாம்னிருப்ப.” தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “போகாதேன்னு சொல்லணும்னு வந்தேன், டெல்லா. ரெண்டு தடவ தெருமுனை வரைக்கும் வந்தேன். சொல்ல வாய் வரல.”

மில்ட் காசோலையை யாரும் சொல்லாமலே பைக்குள் வைத்துக்கொண்டார். ஆர்ட்டி, தான் முதலிலிருந்தே ராய்ஸைத்தான் நினைத்ததாகப் பக்கத்து மேசையில் சொல்லத் தொடங்கியிருந்தார்.

“முட்டாப் பயலே,” என்றார் டெல்லா. கைக்குட்டையை அவன் புருவத்திலிருந்து எடுக்கவில்லை. “விடியறதுக்குள்ள வந்துடு. காபி போட்டு வெக்கிறேன். கதவத் தட்டிட்டு வா.”